பின்வாங்க முடியாத பள்ளம்

அகலம் குறைந்த, நீளமான ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அதன் கோடியில் முள்ளம்பன்றிக்குப் பிடித்த தீனியை வைக்க வேண்டும். இரவில் மோப்பம் பிடித்து வரும் விலங்கு பள்ளத்தில் இறங்கி நேரே நடந்துபோகும். தின்று முடித்துவிட்டுத் திரும்பப் பார்க்கும். உடம்பைத் திருப்ப இடமிருக்காது. பின்னால் நகரப் பார்க்கும். வாலை நோக்கிச் சாய்ந்திருக்கும் முட்கள் இரு பக்கச் சுவரிலும் குத்திக்கொண்டு நகரவிடாது. யாரும் நெருங்க முடியாதபடி அதைக் காத்துவந்த முள்ளே அதற்குத் தாழ்ப்பாளாகிவிடும்.

இலங்கையில் முள்ளம்பன்றி பிடிப்பதற்கு வழக்கமாகக் கையாளும் உபாயம் இதுதான் என்று எழுதிவைத்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். நாடு திரும்பிய பின், இந்தத் தீவின் விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1861 இல் லண்டனில் வெளிவந்தது. கொழும்புக்கு அருகே ஹங்வெல்லவில், புதிதாகத் தென்னை நட்ட ஒரு தோப்பில், இப்படி ஒரே இரவில் 27 முள்ளம்பன்றிகள் அகப்பட்டதாகத் தாம் கேள்விப்பட்டதை அதில் பதிவுசெய்திருக்கிறார். அப்படி அமைவது அபூர்வம் என்றும், வளையின் வாயில் வைக்கோலைக் கொளுத்திப் புகைபோட்டு விலங்கை வெளியேற்றுவதே சாதாரணமாக நடப்பது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதன் இறைச்சி இளம் பன்றியின் இறைச்சியைப் போன்றது, இலங்கையில் அதை விரும்பி உண்கிறார்கள் என்பதும் அவர் தரும் செய்தி.

அந்தப் புத்தகம் அச்சேறிய நாட்களில் மத்திய மலைநாட்டின் டிக்கோயா பெரும்பாலும் காடு. இன்று அங்கே தேயிலையும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. முள்ளம்பன்றியும் இருக்கிறது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் மாறியவை இரண்டு: அதைப் பிடிக்கும் கருவி, பிடிப்பவருக்குச் சட்டம் இட்ட பெயர்.

முள்ளம்பன்றி பன்றி இனமே அல்ல. எலிக்கும் அணிலுக்கும் உறவான கொறிக்கும் விலங்கு. பழந்தமிழில் அதற்கு ‘எய்’ என்று பெயர். எய்ப்பன்றி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் ‘இத்தேவா’. இலங்கையில் வாழும் இனமே இந்தியாவிலும் பரவலாக வாழ்கிறது. வளர்ந்த ஒன்று 11 முதல் 18 கிலோகிராம் வரை எடையிருக்கும். பகலில் வளைக்குள் உறங்கி, இருட்டிய பின் வெளியே வரும். கிழங்கு, வேர், மரப்பட்டை, விழுந்த பழம் ஆகியவை அதன் தீனி. காட்டில் கிடக்கும் எலும்பையும் கொம்பையும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். தேயிலைக் கொழுந்தைத் தேடி வரும் விலங்கல்ல அது. லயத்துப் பின்புறத்தில் வத்தாளையோ மரவள்ளியோ உருளைக்கிழங்கோ விளைந்தால் அங்கே வரும். ஓர் இரவு வந்துபோனால் பாத்தி உழுத நிலம்போலக் கிடக்கும்.

முள்ளம்பன்றி அம்புபோல முள்ளை எய்யும் என்று நம்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. உண்மையில் அது எய்வதில்லை. மிரண்டால் முட்களைச் சிலிர்த்து நிற்கும். வாலில் உள்ள உள்ளீடற்ற முட்களைக் கிலுகிலுவென்று ஆட்டி எச்சரிக்கும். அதற்கும் எதிரி விலகாவிட்டால் முதுகைக் காட்டிப் பின்பக்கமாகப் பாயும். பாய்ந்த வேகத்தில் முட்கள் எதிரியின் உடம்பில் ஏறிக் கழன்று நின்றுவிடும். முன்னால் நின்று குரைக்கும் நாய்க்கு இந்தப் பின்பாய்ச்சல் பிடிபடுவதில்லை. புலிக்கும் அதே கதிதான். இமயமலைப் பகுதியின் முக்தேசரில் ஆட்கொல்லியாக மாறிய பெண்புலி, முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, உடம்பில் ஏறிய சுமார் 50 முட்களின் புண்ணால் வேட்டைத்திறன் குன்றியபின்தான் மனிதரை நாடியது என்று வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட விலங்குக்கு உறைவிடமாக இருந்த மலைச்சரிவுகளில் 1860களில் கோடரி விழத் தொடங்கியது. கண்டியைச் சுற்றிய நிலமெல்லாம் கோப்பிக்குப் போய்விட்டதால், தோட்டக்காரர்கள் சிவனொளிபாத மலையின் அடிக்காட்டுக்குள் நுழைந்தார்கள். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காடு எரிந்தது. வெட்டியவர்களும் எரித்தவர்களும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு வந்த தமிழர்கள். கோப்பியின் வாழ்வும் குறுகியது. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதை அழித்தது. இடையில் சிங்கோனாவை நட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884 இல்.

காடு முழுவதும் அழியாமல் தப்பியதற்கு ஒரு தாவரவியலாளர் காரணம். லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டித் தோட்டத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று 1873 இல் அரசு முடிவெடுத்தது. ஆற்று நீர் வற்றிவிடும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. அதனால்தான் டிக்கோயாவில் நின்று மேலே பார்த்தால், தேயிலை முடியும் உயரத்தில் கறுத்த காட்டுவரை ஒன்று மலைமுடிகளைத் தொட்டுக்கொண்டு போவதைக் காணலாம். முள்ளம்பன்றியும் மரையும் சிறுத்தையும் இன்றுவரை தங்கியிருப்பது அந்தக் கறுப்பு வரைக்குள். கீழே இறங்கினால் உணவு, மேலே ஏறினால் மறைவு. மலையக வேட்டையின் வரலாறு நடந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில்தான்.

தமிழ்த் தொழிலாளரின் வேட்டையைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று எலியைப் பற்றியது. கோப்பித் தோட்டங்களில் காட்டெலி ஒன்று படைபடையாக வந்து பூவையும் மொட்டையும் தேடிக் கிளைகளைக் கத்தியால் அறுத்ததுபோல் துண்டித்துவிடும் என்று டெனன்ட் எழுதுகிறார். அந்த எலியின் தீனி, சிங்களத்தில் ‘நெலு’ எனப்படும் செடியின் விதை. தமிழர் குறிஞ்சி என்று அழைக்கும் செடியின் இனம் அது; பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடியும். விதை தீர்ந்ததும் எலிகள் காட்டை விட்டு இறங்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு என்கிறார் அவர். இந்திய வம்சாவளித் தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டார்கள். எலி வரும் வட்டாரத்துத் தோட்டங்களையே வேலைக்கு விரும்பித் தேர்ந்தார்கள் என்பதும் அவர் குறிப்பு.

டெனன்ட் இதை ஒரு விநோதமாகத்தான் எழுதினார். படிக்கிற தமிழருக்கு இதில் விநோதமொன்றும் இல்லை. அரிசியும் கூலியும் அளந்து கிடைத்த இடத்தில் இறைச்சி என்பது காடு கொடுத்தால்தான் உண்டு. வயல் வளையில் மண்பானையை வைத்துப் புகை ஊதி எலி பிடிக்கும் கலையை இருளர்கள் இன்றும் தமிழ்நாட்டில் அறிந்திருக்கிறார்கள். வளையின் ஒரு வாயில் மூட்டம் போட்டு மறுவாயில் காத்திருக்கும் முறை, முள்ளம்பன்றிக்கென்று டெனன்ட் சொன்னதற்கு மாறானதல்ல. கடல் கடந்து வந்தவர்களுக்கு வளையும் புகையும் புதியவை அல்ல.

அதே மலையில் வேறொரு வேட்டையும் நடந்துகொண்டிருந்தது. பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. நுவரெலியாவில் குடியேறி இங்கிலாந்து மாதிரி ஒரு பண்ணை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரையைத் துரத்தி, நீருக்குள் நின்று கத்தியால் குத்திக் கொல்வதை வீரவிளையாட்டாகக் கருதினார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதிப் புகழ்பெற்றார். யானைக்கு அரசாங்கமே பரிசு கொடுத்த காலம் அது. 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் பரிசுக்காகக் கொல்லப்பட்டதாக டெனன்ட் கணக்குத் தருகிறார்.

இந்த அழிவைக் கண்டு அஞ்சியவர்களும் வேட்டைக்காரர்களே. யானை, எருமை, வேட்டை விலங்குகள் ஆகியவற்றை வகைதொகையின்றிக் கொல்வதைத் தடுக்க 1891 இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1894 இல் தோட்டத் துரைமார்களும் வேட்டைப் பிரியர்களும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தொடக்கம் அது. உரிமம், கட்டணம், வேட்டையாடக்கூடாத பருவம் ஆகியவை மெல்ல மெல்ல நடைமுறைக்கு வந்தன. 1916 இல் துப்பாக்கிகளுக்கான கட்டளைச் சட்டமும் வந்து, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று.

நல்ல சட்டங்கள்தான். அவை இல்லாதிருந்தால் மலைநாட்டில் மரையின் குரலே கேட்டிருக்காது. ஆனால் அவற்றின் நிழல் எங்கே விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சட்டம் காத்த விலங்கு, துரை சுட விரும்பிய விலங்கு. அது அனுமதித்த கருவி, துரை கையில் இருந்த துப்பாக்கி. உரிமத்தோடு மரையைச் சுட்டவர் வேட்டைப் பிரியர். இரவில் நாயோடு போய் ஏதாவது பிடித்துவந்த தொழிலாளி வேட்டைத் திருடன். முள்ளம்பன்றிக்கு இந்த வரிசையில் மதிப்பான இடம் எதுவும் இருக்கவில்லை. சுவரில் மாட்டக் கொம்பில்லை, துரத்திப் பிடிக்க ஓட்டமில்லை, பகலில் கண்ணில் படுவதும் இல்லை. அதைப் பயிரழிக்கும் தொல்லையாகவே எண்ணி வைத்தார்கள். தொல்லையை எந்த வழியில் தொலைத்தாலும் யாரும் கேட்பதில்லை என்ற பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

துரைமார்களிலும் விலங்கை விலங்குக்காகவே பார்த்தவர்கள் உண்டு. மாத்தறையில் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட், நுவரெலியாவில் பணியாற்றியபோது சேர்த்த தகவல்களோடு 1852 இல் இலங்கை விலங்கினங்களின் பட்டியலை வெளியிட்டார். தேயிலைத் தோட்டக்காரராகவே வாழ்க்கையை ஓட்டிய டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், 1935 இல் வெளியிட்ட இலங்கைப் பாலூட்டிகளின் கையேடு இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது.

டெனன்ட் சொல்லும் முள்ளம்பன்றி உபாயங்களில் மூன்றாவது ஒன்று உண்டு. அது இலங்கையில் நடந்ததல்ல, உதகமண்டலத்தில். அங்கே தோட்டக்கலைப் பூங்காவின் கண்காணிப்பாளர், முள்ளம்பன்றி நடமாடும் தடத்தைக் குறிவைத்துத் தானாக வெடிக்கும் துப்பாக்கிகளைக் கட்டிவைத்துப் பெரும் பயன் கண்டாராம். 1848 முதல் அந்தப் பூங்காவை உருவாக்கி நடத்தியவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர். நீலகிரியில் சிங்கோனாவை வேரூன்ற வைத்தவரும் அவரே. பூங்காவைக் காக்க அரசு அலுவலர் ஒருவர் கட்டிய அந்தத் துப்பாக்கிக்கு இலங்கைத் தமிழில் கட்டுத்துவக்கு என்று பெயர். தடத்தின் குறுக்கே நூல். நூல் இழுபட்டால் வெடி. அது முள்ளம்பன்றியின் காலா, விறகு பொறுக்கப் போன பெண்ணின் காலா என்று நூலுக்குத் தெரியாது. இலங்கையில் எத்தனையோ மனிதர்கள் அதனால் காலையும் உயிரையும் இழந்தார்கள். இன்று கட்டுத்துவக்கு வைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

வேட்டையில் கிடைத்த முள்ளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் காலி, மாத்தறைப் பகுதிக் கைவினைஞர்கள் கருங்காலிச் சட்டத்தில் முள்ளம்பன்றி முட்களை அடுக்கிப் பதித்து, தந்தப் பொட்டுகளால் அழகுபடுத்திப் பெட்டிகள் செய்தார்கள். கொழும்புத் துறைமுகம் பெரிதாவதற்கு முன் ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் இடையே போன பயணக் கப்பல்கள் காலியில்தான் நின்றன. இறங்கிய பயணிகள் வாங்கிப்போன தையல் பெட்டிகளும் எழுதுபொருள் பெட்டிகளும் இன்றும் மேல்நாட்டுப் பழம்பொருள் ஏலங்களில் வந்துகொண்டிருக்கின்றன. விசாகப்பட்டினத்திலும் இதே தொழில் நடந்தது. தமிழர் வீட்டுச் சடங்கிலும் அந்த முள் நுழைந்திருக்கிறது. சீமந்தத்தின்போது கணவன் மனைவிக்கு வகிடெடுப்பது வெள்ளைப் பட்டைகள் உள்ள முள்ளம்பன்றி முள்ளால். கிருஹ்ய சூத்திரங்கள் விதித்த பழக்கம் அது. முள் தானாக உதிரும் பொருள். அதற்காக விலங்கைக் கொல்ல வேண்டிய தேவை சடங்குக்கு இருந்ததில்லை, வணிகத்துக்குத்தான் இருந்தது.

இறைச்சியின் மீது இன்னொரு நம்பிக்கையும் ஏறி நிற்கிறது. முள்ளம்பன்றிக் கறி இழுப்பு நோயைத் தீர்க்கும் என்று தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் சொல்வார்கள். மருத்துவம் அதற்குச் சான்று காட்டவில்லை. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முள்ளம்பன்றி வேட்டையைத் தடுக்கிறது. மருந்துக்கென்று சொன்னாலும் குற்றம் குற்றமே.

தோட்டத்து மரக்கறிப் பாத்திகளின் கதை மலையக மக்களின் கதையோடு பிணைந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஓர் அங்குலமும் அவர்கள் பெயரில் இருக்கவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அதன் முழு வெப்பமும் லயங்களில் இறங்கியது. தோட்டங்களில் இறப்பு கூடியது. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் வத்தாளையும் மரவள்ளியும் போட்டு வைத்திருந்த குடும்பத்துக்கு அந்தக் கிழங்கு என்னவாக இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி, லீக்ஸ் என்று அந்தத் துண்டு நிலம் சந்தைக்கும் விளைவித்தது. தோட்டக் கூலியோடு சேர்ந்து அடுப்பெரிய வைத்தது.

அந்தப் பாத்தியில்தான் இரவில் முள்ளம்பன்றி வருகிறது. காட்டுப்பன்றியும் வருகிறது. பாத்திக்கு உடையவர் கையில் என்ன இருக்கிறது? உரிமம் பெற்ற துப்பாக்கி அவருக்கு எட்டாத பொருள். நிலம் அவருடையதல்ல என்பதால் நிலையான வேலி போடுவதற்கும் தயக்கம். கையில் கிடைப்பது பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி. சுருக்கு முடிந்து தடத்தில் வைத்துவிட்டால் செலவில்லை, காவலும் தேவையில்லை. டெனன்ட் காலத்துப் பள்ளத்தின் இடத்தை இந்தக் கம்பி பிடித்துக்கொண்டது. பள்ளம் முள்ளம்பன்றியை மட்டும் பிடிக்கும் அளவில் வெட்டப்பட்டது. கம்பிக்கு அளவு கிடையாது.

2020 மே 26 ஆம் திகதி, மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணியில், லக்சபானத் தோட்டப் பகுதி மரக்கறி நிலமொன்றில் கம்பிச் சுருக்கில் ஒரு விலங்கு சிக்கியிருப்பதாகத் தகவல் போயிற்று. போய்ப் பார்த்தவர்கள் கண்டது கருஞ்சிறுத்தை. இலங்கையில் மிக அரிதாகவே தென்படும் கரிய நிறச் சிறுத்தை, ஆண். கம்பி கழுத்தை இறுக்கியிருந்தது. வனஜீவராசிகள் திணைக்கள மருத்துவர்கள் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 அன்று அது இறந்தது. அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைத்ததல்ல.

நற்றிணையின் 119 ஆம் பாட்டில் ஒரு மலைக்காட்சி வருகிறது. தினையைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காகப் புனத்துக்காரன் பெருங்கல்லால் ஒரு பொறி வைக்கிறான். அதில் சிக்குவது புலி. அந்தப் பொறிக்கு அடார் என்று பெயர். அதைப் பெருங்குன்றூர்கிழார் பாடிய காலத்திலிருந்து நல்லதண்ணி வரை பொறியின் குணம் மாறவில்லை: வைத்தவன் நினைத்தது அதற்குத் தெரியாது. தினைப்புனத்துக்காரனுக்கு அந்தப் புனமே வாழ்வு என்பதும் மாறவில்லை. அதனால்தான் கம்பி வைத்தவரைப் பிடித்துச் சிறையிலிடுவதோடு இந்தக் கணக்கு முடிந்துவிடாது.

டிக்கோயாவில் இந்தக் கணக்கைப் பொறுமையாக ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் ஆகியோரின் அமைப்பு டங்கெல்ட் தோட்டத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்து, தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே சிறுத்தைகள் நடமாடும் விதத்தைத் தானியங்கிக் கமராக்களால் பதிவுசெய்து வருகிறது. புள்ளிமான் கூட்டம் இல்லாத இந்த மலையில் சிறுத்தை எதைத் தின்று வாழ்கிறது? மரை, காட்டுப்பன்றி, குரங்கு, லயத்து நாய், அவற்றோடு முள்ளம்பன்றியும். காட்டில் முள்ளம்பன்றி அருகினால் சிறுத்தை நாயைத் தேடி லயத்துக்கு இறங்குவது கூடும். கிழங்கைக் காக்க வைக்கும் கம்பி, சிறுத்தையைக் கொல்லாவிட்டாலும் அதன் சோற்றில் கைவைக்கிறது.

சட்டத்துக்கு உட்பட்டு, ஆபத்தில்லாமல் முள்ளம்பன்றியை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில் விடை இருக்கிறது. இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். எந்த விலங்கு, எந்த இடம், எந்தக் கருவி என்ற மூன்றும் அதில் வெவ்வேறு கேள்விகள். விலங்குப் பட்டியல் 1993 இலும் 2009 இலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. ஒரு விலங்கைப் பயிரழிவுக்காகக் கொல்ல இடமிருந்தாலும், இடம் தவறினால் குற்றம். 1940 இல் சரணாலயமாக அறிவித்த சிவனொளிபாத மலைக்காடு டிக்கோயாவின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. 2010 இல் அது உலக மரபுரிமையாகவும் ஆயிற்று. அதற்குள் எந்த வேட்டைக்கும் இடமில்லை. கருவி தவறினாலும் குற்றம்: உரிமமில்லாத துப்பாக்கி, கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடி எதுவும் ஆகாது. ஆகவே கைவைப்பதற்கு முன் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்பது முதல் வேலை. 1992 என்ற எண்ணுக்கு அழைத்தால் பேசலாம். சுருக்கில் ஏதாவது சிக்கித் தவிப்பதைக் கண்டாலும் அதே எண்தான். பக்கத்தில் போகாமல், கூட்டம் கூடவிடாமல் காத்திருக்க வேண்டும்.

வேட்டைக்குப் போகாமலே பாத்தியைக் காக்கும் வழி, விலங்கின் உடம்பைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. பள்ளம் வெட்டியவர்கள் செய்ததும் அதுதான். இந்த முள்ளம்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாது. தாண்டிக் குதிக்கவும் வராது. தோண்ட மட்டும் தெரியும். தகரத்தையோ கம்பிவலையையோ ஓர் அடி ஆழம் மண்ணில் புதைத்து, இரண்டடி மேலே நிற்க வைத்தால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். இளமரங்களின் அடியைத் தகரத்தால் சுற்றினால் பட்டை தப்பும். நடந்த தடத்திலேயே திரும்பத் திரும்ப வரும் விலங்கு என்பதால், சுற்றிலும் காவல் இருக்கத் தேவையில்லை. நுழையும் வாயைக் கண்டுபிடித்து அடைத்தால் போதும். வளைக்குள் கையையோ தலையையோ விடுவது, பின்னால் நின்று நாயை ஏவுவது, இருட்டில் தேயிலைக்குள் துரத்துவது ஆகியவை காயத்தில் முடிபவை. கொறிக்கும் விலங்குகளால் எலிக்காய்ச்சல் பரவும் நாட்டில், செத்துக் கிடப்பதை வெறும் கையால் தொடுவதும் கூடாது.

தகரத்துக்குக் காசு வேண்டும். இன்னொருவர் நிலத்தில் யார் தகரம் புதைப்பார்கள்? மலையக மக்கள் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது நில உரிமை. அந்தக் கோரிக்கையைச் சம்பளம், வீடு ஆகியவற்றோடு வைத்துப் பேசுவது வழக்கம். சிறுத்தையோடும் முள்ளம்பன்றியோடும் வைத்துப் பேசுவதற்கும் அதில் இடமிருக்கிறது. பாத்தி தன்னுடையது என்று உறுதியானவர் வேலி போடுவார். இழப்பு நேர்ந்தால் எழுதிக்கொடுத்து ஈடு கேட்பார். நாளைக்கும் அந்த நிலம் தன்னுடையது என்ற நம்பிக்கை இல்லாதவர் கையில் இன்றைக்குக் கிடைப்பது கம்பி.

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடெங்கும் பயிரழிக்கும் விலங்குகளை எண்ணும்படி அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஐந்து நிமிடம் அவரவர் வளவில் நின்று குரங்கு, மயில், மர அணில் என்று எண்ணி எழுதினார்கள். டிக்கோயாவில் அந்த நேரம் காலையில் வேலை பகிரும் பிரட்டுக்களம் கலைந்து, கொழுந்து எடுப்பவர்கள் மலைக்குப் போயிருக்கும் நேரம். முள்ளம்பன்றி காட்டு விளிம்பில், பாறை இடுக்கில், வளைக்குள் உறங்கும் நேரமும் அதுவே. அது இருந்ததற்கு அடையாளம் லயத்துப் பின்புறத்தில்தான் கிடைக்கும்: கிளறிய மண், பாதி தின்ற வத்தாளை, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக உதிர்ந்த ஒரு முள்.